பிள்ளைக்குச் சோறு போடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆலைக்குள் நுழைந்ததும், களத்தில் ஜவ்வரிசி காயவைக்கும் அக்கா ஒருவர் என்னை ஓரமாக அழைத்துத் தன் போனை நீட்டினார். அவருடைய தம்பி மகனுக்கு ஐந்து வயது. பத்து நாட்களுக்கு முன்புதான் ரத்தப் புற்று என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் யாரோ அனுப்பிய ஒரு செய்தி. புற்றுநோய் சர்க்கரையைத் தின்றுதான் வளர்கிறதாம். சர்க்கரை, அரிசி, பால், பழம், கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினால் நோய் பட்டினியில் செத்துவிடுமாம். "நீ கெமிஸ்ட்ரி படித்த பெண்ணாயிற்றே கண்ணு, இது நிஜமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே வாய் வரவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு இதே பேச்சை நம்பியவள் நான். நம்பியதோடு நிற்காமல், என் படிப்பை அதற்குச் சாட்சியாகவும் நிறுத்தினேன். அதன் வேதனையை அனுபவித்தது ஆறு வயதுக் குழந்தை. களத்தில் நின்றபடி அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையின் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விவசாயிக்குக் கிடைக்கும் பணம் அந்தப் பாயிண்டைப் பொறுத்தது. பிறகு மாவின் ஈரம், வெண்மை, புளிப்பு. மாவுச்சத்து என்பது கோத்து வைத்த சர்க்கரைதான் என்பது என் தொழிலின் பாலபாடம். அந்த அறிவே அன்று என்னைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது.

என் சொந்த அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டில், நாகலூரில். மாமா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். 2019 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சில நாட்களில் அவர்கள் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. போனது, மறுபடி வந்தது. முழங்காலுக்குக் கீழே நீலநீலமாகக் கன்றியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடி விழுகிற பிள்ளை, எங்காவது அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்காத அன்று, மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினார்.

மறுநாள் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. வெள்ளையணுவாக முதிர வேண்டிய இளம் அணு முதிராமல் நின்றுவிடுகிறது. நின்ற நிலையிலேயே பெருகிப் பெருகி மஜ்ஜை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அந்த இளம் அணுவை டாக்டர்கள் பிளாஸ்ட் என்கிறார்கள். மற்ற அணுக்களுக்கு இடம் இல்லை. சிவப்பணு குறைந்து குழந்தை வெளுக்கிறது. தட்டணு குறைந்து ரத்தம் நிற்க மறுக்கிறது. நல்ல வெள்ளையணு குறைந்து காய்ச்சல் விடாமல் பிடிக்கிறது. பாப்பாவிடம் மூன்றும் இருந்தன.

முதல் மாதம் ஆஸ்பத்திரியில் கழிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை, வாரம் ஒரு வின்கிரிஸ்டின், தொடையில் அஸ்பரஜினேஸ் ஊசி, முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிடும். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்பாள். அந்த மாதம் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தள்ளிவைக்கச் சொன்னது டாக்டர்தான். ஸ்டீராய்டும் அஸ்பரஜினேஸும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கணையம் வீங்கவும் கூடும், அதற்காகச் சொன்னார். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி புரிந்துகொள்ளப்பட்டது. "டாக்டரே இனிப்பு வேண்டாம் என்கிறார், பார்த்தீர்களா?" என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். விதை விழுந்தது அங்கேதான்.

மாத முடிவில் மஜ்ஜையில் பிளாஸ்ட் வெகுவாகக் குறைந்திருந்தது. வீட்டுக்குப் போய், குறித்த தேதிகளில் வந்து மருந்து போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். பாப்பா நாகலூர் திரும்பிய அதே வாரம், மாமாவின் சொந்தத்தில் ஒருவர் உணவுமுறை ஒன்றை எழுதி அனுப்பினார். சோறு கிடையாது, பால் கிடையாது, பழம் கிடையாது. வேகவைத்த காய், கொஞ்சம் சுண்டல், காலையும் மாலையும் ஒரு கசப்புக் கஷாயம். அக்கா என்னிடம் போனில் கேட்டாள். எனக்குக் கல்லூரிப் பாடத்தில் வந்த ஓட்டோ வார்பர்க் ஞாபகத்துக்கு வந்தார். 1920-களில் பெர்லினில் அவர் கண்டது இது: புற்றுத் திசு சர்க்கரையை வாரி வாரி எடுத்துக்கொள்கிறது, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் அதை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கிக் கொட்டுகிறது. எங்கள் ஆலையில் மாவுப்பால் தொட்டியில் அதிக நேரம் தேங்கினால் இப்படித்தான் புளிக்கும். அங்கே காற்று எட்டாத அடித்தொட்டியில் நுண்ணுயிர்கள் செய்வதைப் புற்றணு காற்றோட்டத்திலேயே செய்கிறது. "இதில் விஷயம் இருக்கிறது அக்கா. நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானியே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்" என்று சொன்னேன். அந்த இரண்டு வாக்கியங்கள் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கின்றன.

இரண்டு வாரங்கள். பதினெட்டு கிலோ இருந்தவள் பதினைந்தரைக்கு வந்தாள். வாயெல்லாம் புண். மலையிறங்கும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அக்காவின் மடியில் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தாள். அடிவாரத்தில் தூக்க வந்த எனக்கு அவள் கனமே தெரியவில்லை.

டாக்டரம்மா எடையை இரண்டு முறை பார்த்தார். மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்: "நோயணுவைப் பட்டினி போடும் மருந்தைத்தான் நாங்கள் முதல் வாரத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஏன் குழந்தையைப் பட்டினி போடுகிறீர்கள்?"

அன்றைக்குத்தான் நான் திரும்பவும் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் புரிந்தது என் தவறு. நாம் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோவதில்லை. கல்லீரல் விடாது. கையிருப்பு முடிந்ததும் தசையைக் கரைத்து, அந்தப் புரதத்திலிருந்து சர்க்கரை செய்து ரத்தத்தில் விடும். மூளை உயிரோடிருக்க அது வேண்டும். நோயணு தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். கரைந்துபோவது பிள்ளையின் தொடைச்சதை. வார்பர்க் பார்த்தது உண்மை. அதிலிருந்து நான் சமையலறைக்குப் போட்ட வழிதான் பொய். உடல் மெலிந்த குழந்தைகளுக்கு மருந்தின் பக்கவிளைவுகளும் தொற்றும் கடுமையாக இருக்கும் என்பது இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

அப்படியானால் டாக்டர் சொன்ன பட்டினி எது? தொடையில் போட்ட அந்த அஸ்பரஜினேஸ்.

எங்கள் வட்டாரத்தில் சேகோ ஆலை என்றால் தண்ணீர்தான் உயிர். கிழங்கைக் கழுவ, அரைத்த மாவைக் கரைத்து வடிக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர். சில ஆலைகளுக்குச் சொந்த போர்வெல் உண்டு. சில ஆலைகள் கோடையில் டேங்கர் லாரியை நம்பி ஓடும். ஒரு வாரம் டேங்கர் வராவிட்டால் போர்வெல் ஆலை ஓடும், டேங்கர் ஆலை நிற்கும். நம் உடம்பில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தின் கதை இதுதான். புரதம் கட்ட எல்லா அணுவுக்கும் அது வேண்டும். நல்ல அணுக்களிடம் அதைத் தாமே செய்துகொள்ளும் நொதி இருக்கிறது. பாப்பாவுக்கு வந்த வகை பிளாஸ்டுகளிடம் அந்த நொதி மிகவும் குறைவு, ரத்தத்தில் ஓடிவருவதை எடுத்துத்தான் பிழைக்கின்றன. அஸ்பரஜினேஸ் ரத்தத்தில் உள்ள அஸ்பரஜினை அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துப்போடும். டேங்கர் நின்றுவிடும்.

இது வந்த வழி ஆச்சரியமானது. 1953-இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர் வேறொரு பரிசோதனைக்காக எலிகளுக்குக் கினிப்பன்றியின் சீரம் கொடுத்தார். அவற்றின் நிணநீர்ப் புற்றுக்கட்டிகள் கரைந்தன. முயல், குதிரை சீரத்தில் அப்படி நடக்கவில்லை. கினிப்பன்றி ரத்தத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு 1960-களின் தொடக்கத்தில் ஜான் புரூம் விடை கண்டார்: அஸ்பரஜினேஸ் நொதி. பிறகு ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். புற்றணுவின் வளர்சிதை மாற்றத்தில் இருக்கும் ஓட்டையைப் பார்த்து அடிப்பது ஏதோ நாளைய மருத்துவம் என்பதுபோலப் பேசுகிறார்கள். பாப்பாவின் தொடையில் ஏறிய ஊசியின் கதை 1953-இல் தொடங்குகிறது.

சாப்பாட்டைக் குறைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. அஸ்பரஜினை உடம்பே செய்கிறது, தட்டில் எதை விலக்கினாலும் ரத்தத்தில் அது இருக்கும். ஒரு நொதியை உள்ளே அனுப்பி, வர வர வெட்டினால்தான் உண்டு. பாப்பாவுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று ஒரு உறவினர் மலைக்காட்டிலிருந்து தண்ணீர்விட்டான் கிழங்கு தோண்டிவந்தார். அந்தச் செடி அஸ்பரகஸ் இனம். 1806-இல் பிரான்சில் அதன் ஒன்றுவிட்ட உறவான தோட்ட அஸ்பரகஸின் சாற்றிலிருந்துதான் அஸ்பரஜின் முதன்முதலில் பிரிக்கப்பட்டது, பெயரும் அப்படி வந்ததுதான். ஒரு பக்கம் ஊசி அஸ்பரஜினை வெட்டுகிறது, மறுபக்கம் அன்போடு ஒருவர் அந்தப் பெயர் பிறந்த குலத்தின் கிழங்கைக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறார். அவர் மண் ஒட்டிய கையோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கிழங்கைக் கொடுக்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை என்று அதற்குள் முடிவு செய்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்திய நாட்களில் எங்கள் அம்மா, பாப்பாவுக்கு அம்மாயி, யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்து அவளுக்குத் தட்டுவடையும் வாழைப்பழமும் ஊட்டியிருக்கிறார். அது வெளியே வந்தபோது நான் அம்மாவைத் திட்டினேன். பாப்பா பதினைந்தரை கிலோவோடு நின்றதே அம்மாவால்தான் என்று இப்போது நினைக்கிறேன். சில மாதங்கள் கழித்து ஒரு கட்டுரையில் படித்தேன்: மஜ்ஜையில் பிளாஸ்டுகளைச் சுற்றியிருக்கும் துணையணுக்கள், தாம் செய்த அஸ்பரஜினைப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டுக்குக் கொடுத்துக் காப்பாற்றிவிடுமாம். மருந்து ரத்தத்தைத் துடைத்தாலும் மஜ்ஜையின் மூலையில் ஒரு கை ஊட்டிக்கொண்டிருக்கிறது. கொழுப்பணுக்களும் அப்படியே, அவை குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் கொடுக்கின்றன. ஒரே மருந்தால் இந்த நோயைத் தீர்க்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஆகவே பல மருந்துகள். அவற்றில் மெத்தோட்ரெக்சேட்டின் கதையை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன்.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயின் நெசவாலைப் பெண்களிடம் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் அந்தச் சோகையை மாற்றும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டார். அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டியதற்காக அவருக்கு முழுப் பட்டம் தராமல் சிறிய பட்டத்தோடு அனுப்பினார்கள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. உடம்பின் எரிசக்தியான ஏடிபியை 1929-இல் அடையாளம் கண்டவர்களில் அவரும் ஒருவர். வளர்சிதை மாற்றத்தின் ஆணிவேரைத் தொட்ட மனிதர்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், லுகேமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்ததுபோல் இருந்தது. அப்படியென்றால் இந்த அணுக்களுக்கு ஃபோலேட் பசி இருக்கிறது, ஃபோலேட் போலத் தோன்றி ஏமாற்றும் ஒன்றைக் கொடுத்தால்? சுப்பாராவின் குழு தயாரித்த அமினோப்டெரின் பாஸ்டனுக்குப் போனது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகள், அவர்களில் பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியது. அதற்கு முன் லுகேமியா குழந்தைக்கு வாரங்கள்தான் கணக்கு. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். ஃபோலேட்டைப் புதுப்பிக்கும் நொதியை அது அடைத்துவிடும். டிஎன்ஏ கட்டச் செங்கல் கிடைக்காது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் அணு முதலில் விழும்.

இது வரலாற்றுச் செய்தி மட்டும் இல்லை, எங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தது. ரத்தம் ஊறட்டும் என்று ஒருவர் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த டானிக் வாங்கிவந்தார். டாக்டரம்மா லேபிளைப் படித்துவிட்டு, "இதை மூடி வைத்துவிடுங்கள்" என்றார். ஃபார்பர் பார்த்ததை நினைத்துக்கொண்டேன்.

நோய் அடங்கிய பிறகு அது திரும்பாமல் காக்கும் பராமரிப்புக் கட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். அக்கா நாள்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். இந்த மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டு உயிருக்கு ஆபத்தான கதைகள் உண்டு. யார் வீட்டில் இந்த மாத்திரை இருந்தாலும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தினமும் இரவில் 6-மெர்காப்டோபியூரின். ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கண்டது, 1953-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் ஒரு போலி, பியூரின் என்ற செங்கல்லைப் போலத் தோன்றி அணுவை ஏமாற்றும். பதினைந்து வயதில் தாத்தாவைப் புற்றுக்குப் பறிகொடுத்த எலியனுக்கு 1988-இல் நோபல் கிடைத்தது. பாப்பாவுக்கு முழு அளவு கொடுத்த மூன்றாவது வாரமே வெள்ளையணு பாதாளத்துக்குப் போனது. அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்யுடிடி15 என்ற மரபணுவில் அவளுக்கு ஒரு மாற்றம் இருந்தது. ஆசிய மக்களிடம் அது அதிகம். மாத்திரையைப் பாதியாக்கினார்கள். அக்கா கையுறை போட்டுக்கொண்டு பிளேடால் மாத்திரையை வெட்டுவாள். 2020 ஏப்ரலில் பஸ் ஓடாத நாட்களில், அந்த அரை மாத்திரைகளுக்காக மாமா பைக்கில் மலையிறங்கி மலையேறினார்.

சர்க்கரைப் பசியை நேராக அடிக்கும் மருந்து ஏன் இல்லை என்று எனக்குள் கேள்வி இருந்துகொண்டே இருந்தது. சக்தியை மொத்தமாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் குச்சிக்கிழங்கு விளையும் ஊரில் யாரும் படிக்க வேண்டியதில்லை. கிழங்குத் தழையைத் தின்ற ஆடு மூச்சுத் திணறி விழுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். தழையில் இருக்கும் லினமாரின் உடைந்து சயனைடு வருகிறது. அணுவுக்குள் உணவை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை அது அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் அணுவால் எடுத்துக்கொள்ள முடியாது. நல்ல அணு, கெட்ட அணு என்ற பேதமே அதற்குக் கிடையாது. மருந்துலகிலும் இதற்கு நிகரான முயற்சி நடந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியை அடைக்கும் ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்து எலிகளில் நன்றாக வேலை செய்தது. அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளிடமும் வேறு புற்றுநோயாளிகளிடமும் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. பலன் தரும் அளவைத் தொடுவதற்குள் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, நரம்புகள் பழுதடைந்தன. நிறுத்திவிட்டார்கள். நோயணு மட்டும் நம்பியிருக்கும் டேங்கரைக் கண்டுபிடிக்காமல், ஊருக்கே தண்ணீரை அடைத்துப் பயனில்லை.

அப்படி ஒரு தனி டேங்கர், பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் அக்யூட் மைலாய்டு வகையில் கிடைத்திருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தவர் செம்மடுவிலிருந்து வந்த ஒரு தாத்தா. வாழ்நாளெல்லாம் காப்பிக் கொட்டையைத் தரம் பிரித்த கை. மருந்து ஏற்றும் அறையில் பாப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி. மாமாவை "ரைட்டர் தம்பி" என்று கூப்பிடுவார். எழுபத்திரண்டு வயதில் கடுமையான கீமோவைத் தாங்கமாட்டார் என்று வேறு வழியில் போனார்கள். அவருடைய பரிசோதனைத் தாளில் ஐடிஎச்2 என்று எழுதியிருந்தது. அவர் என்னிடம் நீட்டி, "இது என்ன சாமி?" என்றார்.

அணு தன் உணவை எரிக்கும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கினார். அந்தச் சுழற்சியில் நடக்கும் ஒரு மாற்றத்தைச் செய்யக்கூடியவை ஐடிஎச் நொதிகள். சில லுகேமியா அணுக்களில் அவை மாறிப்போயிருப்பது 2009-இலிருந்து தெரியவந்தது. மாறிய நொதி தன் வேலையைத் திருப்பிப்போட்டு, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற கழிவைக் குவிக்கிறது. அந்தக் கழிவு, மரபணுக்களைத் திறந்து மூடும் நொதிகளை அடைக்க, அணு முதிர முடியாமல் குழந்தையாகவே நின்றுவிடுகிறது. காய் முற்றாமல் மரத்திலேயே நிற்பதுபோல. தாத்தாவுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். காப்பிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். ஐடிஎச்2-க்கு எனாசிடெனிப் 2017-லும், ஐடிஎச்1-க்கு ஐவோசிடெனிப் 2018-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை அணுவை நேராகக் கொல்வதில்லை. கழிவு நிற்கிறது, அணு முதிர்கிறது, முதிர்ந்த அணு தன் காலம் முடிந்து போகிறது. சில சமயம் எல்லாம் ஒரே நேரத்தில் முதிர்ந்து காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும், அதைக் கவனிக்க வேண்டும்.

தாத்தாவுக்குக் கொடுத்தது இவை இல்லை, அசாசிடிடின் ஊசியும் வெனெடோகிளாக்ஸ் மாத்திரையும். வெனெடோகிளாக்ஸ் அடைக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் அணுவைச் சாகவிடாமல் காப்பது. ஆனால் இந்தக் கூட்டணி நோயின் மூலவித்தான தண்டணுக்களின் சாப்பாட்டிலும் கைவைக்கிறது. வார்பர்க்கின் கதைக்கு நேர்மாறாக, இந்தத் தண்டணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துத்தான் வாழ்கின்றன, எரிப்பது பெரும்பாலும் அமினோ அமிலங்களை. இரு மருந்தும் சேர்ந்து அந்த அமினோ அமில வரவை முறிக்கின்றன. நோய் திரும்பிவரும் சிலரிடம் அந்த அணுக்கள் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொண்டிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். சாப்பாட்டை மாற்றிக்கொண்டு பிழைக்கும் எதிரி. அடுத்த பத்தாண்டுகளின் ஆராய்ச்சி அந்த மாற்று வழிகளை முன்கூட்டியே அடைப்பதில் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தாத்தாவின் தோட்டத்தில் பம்பளிமாஸ் மரம் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அந்த இனத்துப் பழங்களில் சில, மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அடைத்து ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும். உணவை விலக்கச் சொன்னால் அதற்கு இப்படி ஒரு திட்டமான காரணம் இருக்க வேண்டும், அதைச் சொல்பவர் மருந்து கொடுப்பவராக இருக்க வேண்டும். 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களின் நடு ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம், 9.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.7. எண்ணாகப் பார்த்தால் சிறிது. தாத்தா இரண்டு காப்பி அறுவடை பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது அறுவடையில் பாப்பாவுக்கு என்று ஒரு கைப்பிடி பழம் தனியாகப் பறித்து அனுப்பியிருந்தார், அதன் மேல்தோலின் இனிப்பை உறிஞ்சித் துப்பச் சொல்லி.

இவ்வளவையும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தக் களத்து அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டேங்கர் கதை அவருக்கு உடனே பிடிபட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படியானால் அவனுக்கு என்னதான் கொடுக்க?"

அஸ்பரஜினேஸ் போடும் வாரங்களில் எண்ணெய், இனிப்பு எவ்வளவு என்பதை அவன் டாக்டரிடமே கேளுங்கள் என்றேன். வயிற்றுவலி முதுகுப் பக்கம் பரவினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சிய தண்ணீர், அப்போது சமைத்த சூடான சோறு, இட்லி, பருப்பு, நன்றாக வெந்த முட்டை. திறந்துவைத்ததும் பச்சையாக இருப்பதும் வேண்டாம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.

பாப்பாவின் மருந்து 2021 டிசம்பரில் முடிந்தது. இப்போது ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தால் எங்கள் ஆலையில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, "சித்தி, படி" என்பாள். போன மே மாதம் முப்பத்தாறு கிலோ.

நேற்று மாலை அந்த அக்கா கூப்பிட்டார். பையன் 16 கிலோ 200 கிராம். போன வாரத்தைவிட 300 கிராம் கூட.